எக்ஸாஸ்டிவ்: 'ஆகிய'வா, 'முதலிய'வா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அகராதியில் 'எக்ஸாஸ்டிவ்' (exhaustive) என்றால் 'தரோ' (thorough) என்று போட்டிருக்கிறது. அதை நம்பி ஆபீஸ் ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் எழுதினீர்கள். உங்கள் டீம் லீட் மூன்றையும் அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. அந்த மூன்று வாக்கியங்களையும் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்று, 'வீ டிட் அன் எக்ஸாஸ்டிங் அனாலிசிஸ் ஆஃப் த டிஃபெக்ட்ஸ்', இதில் மட்டும் 'எக்ஸாஸ்டிங்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு, 'ஷீ இஸ் அன் எக்ஸாஸ்டிவ் டெஸ்டர்'. மூன்று, 'பிலோ இஸ் அன் எக்ஸாஸ்டிவ் லிஸ்ட் ஆஃப் த மாட்யூல்ஸ், இன்க்ளூடிங் லாகின், பேமென்ட் அண்ட் சர்ச்'. சொல்லுக்குப் பொருள் கேட்பதுபோல் இருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் என்று அகராதி சொல்லும்போது, ஒன்று உட்காரும் இடத்தில் மற்றது ஏன் உட்கார மறுக்கிறது?

சென்னை பாரிமுனைப் பக்கம், தம்புச் செட்டித் தெருவில், ஆங்கிலப் பத்திரங்களையும் வழக்கு ஆவணங்களையும் தமிழாக்குகிற வேலையில் எனக்கு 27 வருடம் ஆகிறது. இந்தச் சொல் வாரத்துக்கு ஒரு தடவையாவது மேசைக்கு வந்துவிடும். நான் மொழியியல் படித்தவன் அல்ல, வக்கீலும் அல்ல. சொற்களோடு புழங்கிய பழக்கத்தில் சொல்கிறேன். எது உறுதி, எது ஆளுக்கு ஆள் மாறுவது என்பதையும் அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேர். இது லத்தீனிலிருந்து வந்தது. 'ஹவுரிரே' என்றால் தண்ணீர் இறைப்பது. முன்னால் இருக்கும் 'எக்ஸ்' என்றால் வெளியே. ஆக, 'எக்ஸாஸ்ட்' என்ற வினைக்குள் ஒரு கிணறு இருக்கிறது. உள்ளே இருப்பதை இறைத்து இறைத்து வெளியே கொட்டி, அடிமண் தெரியும்வரை வற்றச் செய்வது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கோடையில் கிணறு தூர்வாருவதைப் பார்த்திருந்தால் இந்தச் சொல் உடனே பிடிபட்டுவிடும். சமையலறையில் புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன், பஸ்ஸின் பின்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் பைப் எல்லாம் இதே சொல்தான். வெளியே தள்ளுவது, காலி செய்வது.

இந்தக் கிணற்றை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் முதல் வாக்கியத்தின் சிக்கல் தீர்ந்துவிடும். வேலை ஆளை இறைத்துவிட்டால் அது எக்ஸாஸ்டிங். ஆள் வற்றிப்போய் உட்கார்ந்துவிட்டால் அவர் எக்ஸாஸ்டட். ஆள் வேலையை இறைத்து, அதில் ஒரு சொட்டும் பாக்கி வைக்காமல் பார்த்திருந்தால் அந்த வேலை எக்ஸாஸ்டிவ். 'எக்ஸாஸ்டிங் அனாலிசிஸ்' என்று எழுதினால், குறைகளை அலசியதில் எங்களுக்கு உயிர் போய்விட்டது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ரிப்போர்ட்டில் நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் தப்புதான். பெயர்ச்சொல் மட்டும் கொஞ்சம் இரண்டு பக்கமும் சாயும். 'எக்ஸாஷன்' என்றால் பொதுவாகக் களைப்பு. ஆனால் சட்டத்தில் 'எக்ஸாஷன் ஆஃப் ரெமடீஸ்' என்பார்கள், இருக்கிற வழிகளையெல்லாம் முதலில் முயன்று தீர்த்துவிட வேண்டும் என்று அர்த்தம். 1985ஆம் வருட நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதைத்தான் கேட்கிறது. துறைக்குள்ளேயே இருக்கும் முறையீட்டு வழிகளை முடித்துவிட்டுத்தான் அரசு ஊழியர் சாதாரணமாகத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட முடியும். அங்கே யாரும் களைத்துப் போவதாகப் பேச்சில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'தரோ' என்பது வேலை செய்த விதத்தைச் சொல்கிறது. கவனமாக, அவசரப்படாமல், ஆழமாகச் செய்தார் என்பது அதன் பொருள். 'எக்ஸாஸ்டிவ்' சொல்வது ஒரு கணக்கு: எதுவும் விட்டுப்போகவில்லை. முதலாவது பாராட்டாகவும் இருக்கலாம். இரண்டாவது ஒரு உறுதிமொழி. யாராவது வந்து 'இது விட்டுப்போச்சே' என்று ஒன்றைக் காட்டினால், தரோவாகச் செய்தேன் என்று நீங்கள் அப்போதும் சொல்லலாம். எக்ஸாஸ்டிவாகச் செய்தேன் என்று சொல்ல முடியாது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதே அல்ல என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 'சேர, சோழ, பாண்டியர் ஆகிய மூவேந்தர்' என்று எழுதுவோம், 'முதலிய மூவேந்தர்' என்று எழுத மாட்டோம். 'மல்லி, முல்லை முதலிய பூக்கள்' என்போம், அங்கே 'ஆகிய' போட்டால் உலகத்தில் இரண்டே பூதான் என்றாகிவிடும். 'ஆகிய' வந்தால் பட்டியல் முடிந்தது, கதவு சாத்தியாயிற்று. 'முதலிய' வந்தால் கதவு திறந்தே இருக்கிறது, இன்னும் உள்ளே வரலாம். ஆங்கிலத்தில் 'எக்ஸாஸ்டிவ் லிஸ்ட்' என்பது 'ஆகிய' பட்டியல். 'இலஸ்ட்ரேட்டிவ் லிஸ்ட்' என்பது 'முதலிய' பட்டியல். 'த லிஸ்ட் இஸ் இலஸ்ட்ரேட்டிவ், நாட் எக்ஸாஸ்டிவ்' என்று ஒப்பந்தங்களில் வரும் வரியை நான் இந்த இரண்டு சொல்லை மனதில் வைத்துத்தான் மொழிபெயர்க்கிறேன்: 'இது எடுத்துக்காட்டுப் பட்டியலே, முற்றான பட்டியல் அல்ல.'

இன்னும் ஒரு படி உள்ளே போனால், ஒற்றை 'உம்' விகுதியிலேயே இது இருக்கிறது. உம்மைக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் எச்சம் ஒன்று, முற்று ஒன்று. 'அவனும் வந்தான்' என்றால் வேறு யாரோவும் வந்திருக்கிறார்கள், சொல்லாமல் விட்ட மிச்சம் ஒன்று இருக்கிறது, அது எச்சவும்மை. 'மூவரும் வந்தார்கள்' என்றால் இருந்ததே மூன்று பேர், மூன்று பேரும் வந்தாயிற்று, பாக்கி யாரும் இல்லை, அது முற்றும்மை. எக்ஸாஸ்டிவ் என்பதற்கு ஒரே சொல்லில் தமிழ் கேட்டால் நான் 'எச்சமில்லாத' என்றுதான் சொல்வேன். பேச்சு வழக்கில் 'ஒண்ணு விடாம' என்கிறோமே, அது இன்னும் நெருக்கம். 'விரிவான' என்பது மட்டும் போதாது. இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தது. மூன்று அண்ணன் தம்பிகள், பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆங்கில வரைவில் 'எக்ஸாஸ்டிவ் லிஸ்ட் ஆஃப் மூவபிள்ஸ்' என்று இருந்தது. நான் 'அசையும் பொருள்களின் விரிவான பட்டியல்' என்று தமிழாக்கிக் கொடுத்தேன். பத்திரம் பதிவுக்குப் போவதற்கு முந்தின நாள், வக்கீல் ஆபீஸின் வயதான குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "விரிவானன்னா என்ன தம்பி அர்த்தம்? இதுல எழுதாத ஒரு பீரோ நாளைக்குக் கிளம்பினா அது யாருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விரிவான பட்டியலில் ஒன்று விட்டுப்போகலாம், விரிவு விரிவாகவேதான் இருக்கும். 'கீழே கண்ட பொருள்கள் மட்டுமே, இவை தவிர வேறில்லை' என்று மாற்றி எழுதினோம். அப்படி எழுதிய பிறகு சகோதரர்களிடம் வாசித்துக் காட்டினார். 'வேறில்லை' என்ற சொல் காதில் விழுந்ததும்தான் நடு அண்ணனுக்கு, பேங்க் லாக்கரில் அம்மாவின் வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி இருப்பது ஞாபகம் வந்தது. அதையும் சேர்த்த பிறகுதான் பதிவு நடந்தது. 'விரிவான' என்று விட்டிருந்தால் யாரும் யோசித்தே இருக்க மாட்டார்கள்.

சட்டங்களின் விளக்கப் பிரிவுகளிலும் இதே விஷயம்தான் நடக்கிறது. ஒரு சொல்லுக்கு 'மீன்ஸ்' போட்டு விளக்கம் கொடுத்தால் அது பொதுவாக எக்ஸாஸ்டிவ், அதற்கு வெளியே போக முடியாது. 'இன்க்ளூட்ஸ்' போட்டால் பட்டியல் திறந்தது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்பு, 'அரசு' என்பது இன்னின்னவற்றை உள்ளடக்கும் என்று 'இன்க்ளூட்ஸ்' போட்டே சொல்கிறது. கூடவே 'பிற அதிகார அமைப்புகள்' என்றும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. எல்ஐசி, ஓஎன்ஜிசி போன்ற நிறுவனங்கள் அந்தச் சொல்லுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1975இல் சொன்னது. இவ்வளவும் உறுதி. ஆனால் 'இன்க்ளூட்ஸ்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு திறந்த பட்டியல் என்று சொல்லிவிடக் கூடாது. சூழலைப் பார்த்து அதையும் முற்றான விளக்கமாகவே படிக்க இடமுண்டு என்று பிரிட்டிஷ் ஆட்சிக்கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1899இல் டில்வொர்த் வழக்கில் சொல்லியிருக்கிறது, இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். எது எந்த இடத்தில் எப்படி என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய விஷயம், மொழிபெயர்ப்பாளன் தீர்ப்பு சொல்ல முடியாது. நான் செய்யக்கூடியது, மூலத்தில் இருக்கும் கதவைத் தமிழில் நானாகச் சாத்தாமலும் திறக்காமலும் இருப்பது.

உங்கள் துறைக்கே வருவோம். நீங்கள் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். டெஸ்டர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐஎஸ்டிகியூபி (ISTQB) அடிப்படைத் தேர்வுக்குப் படித்திருந்தால் அதில் வரும் ஏழு கொள்கைகளில் ஒன்று நினைவிருக்கும்: எக்ஸாஸ்டிவ் டெஸ்டிங் சாத்தியமில்லை. அங்கே 'எக்ஸாஸ்டிவ்' என்பதை 'தரோ' என்று படித்தால் அபத்தமாகிவிடும், கவனமாக டெஸ்ட் செய்யவே முடியாது என்றாகும். எல்லா உள்ளீடுகளையும், அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் ஒன்று விடாமல் பார்க்க முடியாது என்பதுதான் அவர்கள் சொல்வது. பத்து இலக்க மொபைல் நம்பர் கேட்கும் ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை மட்டும் வைத்தே 1,000 கோடி சேர்க்கை வருகிறது. நொடிக்கு ஒன்று என்று இரவு பகலாகப் பார்த்தாலும் 317 வருடம் ஆகும். மாறாக, நான்கு இலக்க ஏடிஎம் பின் என்றால் 0000 முதல் 9999 வரை 10,000தான். அதை ஒரு கம்ப்யூட்டர் எக்ஸாஸ்டிவாகத் தேடிவிடும். தேடலுக்கு எல்லை உண்டா, அந்த எல்லையைத் தொட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் இந்தச் சொல்லை எடுக்க வேண்டும். டெஸ்டிங் ரிப்போர்ட்டில் இந்தச் சொல்லைக் கண்டதும் உங்கள் டீம் லீட் பேனாவை எடுத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அவர் மனதில் என்ன இருந்தது என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் 'காம்ப்ரிஹென்சிவ்'. இதையும் எக்ஸாஸ்டிவையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. அது பரப்பைச் சொல்வது, முக்கியமான பகுதிகள் எல்லாவற்றையும் தொட்டிருக்கிறது என்பது. இண்டு இடுக்கு வரைக்கும் போயிருக்கிறது என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. இந்த வேறுபாட்டைச் சென்னையில் பலர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கைக்காசு கொடுத்துப் படித்தார்கள். 'காம்ப்ரிஹென்சிவ்' என்று பெயர் போட்ட கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று இருந்தவர்களுக்கு, தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அது சாதாரண பாலிசியில் வராது, தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வண்டிக்கு வரும் சேதம், அடுத்தவருக்கு நேரும் சேதம் இரண்டையும் தொடுவதால் அது காம்ப்ரிஹென்சிவ். எக்ஸாஸ்டிவ் என்று அதில் யாரும் எழுதவில்லை.

நல்ல உதாரணமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், அத்தனை பேருடைய பல வருட உழைப்பு. அதைத் தரோ என்றும் சொல்லலாம், காம்ப்ரிஹென்சிவ் என்றும் சொல்லலாம். ஆனால் முடித்த கையோடு, விட்டுப்போன சொற்களுக்காக 1939இல் ஓர் அனுபந்தமும் போட வேண்டியிருந்தது. பேசப்படுகிற எந்த மொழிக்கும் எக்ஸாஸ்டிவ் அகராதி இருக்க முடியாது, நீங்கள் அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒரு புதுச்சொல் பிறந்துவிடும். அதனால் அந்த உழைப்பின் மதிப்பு ஒரு பொட்டும் குறைந்துவிடவில்லை. எக்ஸாஸ்டிவ் இல்லை என்பது வசைச்சொல் அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது ஆட்கள். தேடல், ஆய்வு, விசாரணை, பட்டியல், சோதனை இவற்றுக்குத்தான் எக்ஸாஸ்டிவ் பொருந்தும், ஏனென்றால் இறைத்துத் தீர்க்க வேண்டிய ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. மனிதருக்குப் போட்டால் ஒட்டாது. உங்கள் தோழி நுணுக்கமாக வேலை செய்பவர் என்றால் 'மெட்டிகுலஸ்', வியர்வை சிந்திச் செய்தார் என்றால் அவர் வேலையைப் 'பெயின்ஸ்டேக்கிங்' என்னலாம், பொதுவாகச் சொல்ல 'தரோ'வே போதும். வீடு சுத்தம் செய்ததற்கு எக்ஸாஸ்டிவ் வேண்டாம், அங்கேயும் தரோதான். ஆனால் கைவிட்டுப்போன சாவியை வீடு முழுக்கத் துழாவினால் அந்தத் தேடல் எக்ஸாஸ்டிவ்.

சரி, எங்கே கருத்து வேறுபாடு இருக்கிறது? இரண்டு இடத்தில். 'வெரி எக்ஸாஸ்டிவ்', 'மோர் எக்ஸாஸ்டிவ்' என்று எழுதலாமா என்பது ஒன்று. முழுமை என்றால் முழுமை, அதில் கூட என்ன குறைய என்ன என்று கறாரான எடிட்டர்கள் அடித்துவிடுவார்கள். நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள் பலர் 'மோர் எக்ஸாஸ்டிவ்' என்று எழுதத்தான் செய்கிறார்கள். நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எழுத மாட்டேன். 'நியர்லி எக்ஸாஸ்டிவ்', 'பை நோ மீன்ஸ் எக்ஸாஸ்டிவ்' இரண்டும் யாருக்கும் ஆட்சேபம் இல்லாதவை. இன்னொன்று, பத்திரிகை ஆங்கிலத்தில் 'அன் எக்ஸாஸ்டிவ் ஸ்டடி' என்றால் பெரும்பாலும் 'ரொம்ப ஆழமான ஆய்வு' என்ற அளவில்தான் புழங்குகிறது, ஒன்றுமே விடவில்லை என்ற சத்தியம் அதில் இல்லை. உங்கள் அகராதி 'தரோ' என்று போட்டது இந்தப் புழக்கத்தைப் பார்த்துத்தான், அகராதியைக் குறை சொல்ல முடியாது. கட்டுரையில் அப்படி எழுதலாம். ஒப்பந்தம், சட்டம், கணக்கு, டெஸ்ட் ரிப்போர்ட் இவற்றில் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வார்கள், அங்கே தளர்வாக எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

உச்சரிப்பு: எழுத்தில் 'ஹெச்' இருக்கும், வாயில் வராது. 'எக்ஸ்ஹாஸ்டிவ்' என்று சொல்ல வேண்டாம். 'இக்ஸாஸ்டிவ்' என்று, நடு அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வாக்கியங்கள். முதலாவதில் 'எக்ஸாஸ்டிங்' என்பதை 'தரோ' என்று மாற்றிவிடுங்கள். பதிவான குறைகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருந்தால் மட்டும் 'எக்ஸாஸ்டிவ்' போடலாம். இரண்டாவது 'ஷீ இஸ் அ மெட்டிகுலஸ் டெஸ்டர்'. மூன்றாவதை நான் இங்கிருந்து திருத்த முடியாது. எக்ஸாஸ்டிவ் என்று சொல்லிவிட்டு உடனே 'இன்க்ளூடிங்' போட்டிருக்கிறீர்கள், 'ஆகிய'வும் 'முதலிய'வும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் அப்ளிகேஷனில் இருப்பதே லாகின், பேமென்ட், சர்ச் என்ற மூன்று மாட்யூல்தான் என்றால் 'இன்க்ளூடிங்' என்பதை எடுத்துவிட்டு, ஒரு முக்காற்புள்ளி வைத்து மூன்றையும் எழுதுங்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை எழுதவில்லை என்றால் 'எக்ஸாஸ்டிவ்' என்பதை எடுத்துவிடுங்கள். எது சரி என்று மாட்யூல் பட்டியலைத் திறந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.